மூலையில் கிடந்த பேஸ் கிட்டார்

மே 3
பழுது பார்க்க வேண்டிய பேஸ் கைக்கு வந்துவிட்டது. ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் மாதிரியில் செய்தது, நல்ல கனம். ஆனால் கம்பிகளை முறுக்கின நிலையிலேயே வருஷக்கணக்கில் ஈரமான மூலையில் சாத்தி வைத்திருக்கிறார்கள். நான்கு கம்பியும் சேர்ந்து 70, 80 கிலோ அளவுக்கு இழுக்கும், நெக் (கம்பிகளுக்கு அடியில் ஓடும் நீளமான கழுத்துக் கட்டை) எவ்வளவு காலம்தான் தாங்கும்? முன்பக்கமாக வளைந்திருக்கிறது. கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பிரிட்ஜ் முழுக்கத் துரு. ஆம்ப்பில் சொருகினால் இரைச்சல் மட்டும் வருகிறது, கம்பியைத் தட்டினால் சத்தமே இல்லை. கம்பியில் கை வைத்தால் இரைச்சல் குறைகிறது, ஆக பிரிட்ஜுக்குப் போகிற எர்த் வயர் நன்றாகத்தான் இருக்கிறது.

பெயின்ட் உரிந்த இடங்களைத் தொடுவதாக இல்லை. முதலில் பாலிஷ் போட்டுவிட்டு அப்புறம் நெக்கைப் பார்க்கிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

மே 4
எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சாடில்களில் இருக்கும் குட்டி ஸ்க்ரூக்கள் அசையவில்லை, துரு இளக்கும் எண்ணெய் விட்டு அப்படியே வைத்திருக்கிறேன். அவசரப்பட்டு ஆலன் கீயைத் திருகினால் தலை வழுக்கிப் போகும், அதற்கப்புறம் ட்ரில்தான்.

நெக்கைப் பிடிக்கும் நான்கு ஸ்க்ரூவில் ஒன்று சும்மா சுற்றுகிறது. துளையைப் பெரிதாக்கி, கெட்டி மரக் குச்சியைப் பசை தடவி இறக்கினேன். பல்குத்தும் குச்சியும் பசையும் போதும் என்பார்கள். ஸ்ட்ராப் மாட்டுகிற இடத்துக்குச் சரி, நெக்குக்கு அதை நம்ப மாட்டேன்.

மே 6
பசை காய்ந்தது, புதுத் துளை போட்டு நெக்கைப் பூட்டினேன். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்திருக்கும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருகி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, மறுபடி கால் சுற்று என்றுதான் போக வேண்டும். மரம் உடனே பதில் சொல்லாது.

மே 10
இன்றைக்குத்தான் உண்மையான வேலை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இதில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் ஒரு செம்புச் சுருள், இரண்டு கம்பிக்கு, 1957-இல் வந்த அமைப்பு. இரண்டு சுருளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்தாலும் நான்கு கம்பியும் ஊமை. மல்டிமீட்டரை வைத்தேன்: ஒன்றில் 5.3 கிலோ ஓம், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. மூடியைக் கழற்றி லென்ஸில் பார்த்தால், சுருளின் வெளி முனை, வயர் சேரும் கண்ணிக்குப் பக்கத்தில் பச்சைக் களிம்பு பிடித்து அறுந்து நிற்கிறது. தலைமுடியைவிட மெல்லிசான செம்புக் கம்பி, மூச்சு பட்டாலே ஆடுகிறது. ஒரு சுற்று பிரித்து, நுனியின் வார்னிஷை நைஸ் உப்புத்தாளால் நீக்கி, கண்ணியில் சுற்றி ஒரு துளி ஈயம். மீட்டரில் 5.2! உட்பக்க முனை அறுந்திருந்தால் சுருளையே மறுபடி சுற்ற வேண்டியிருந்திருக்கும்.

வயர்களைப் பழைய வரிசையிலேயே சேர்த்தேன். மாற்றிக் கொடுத்தாலும் கம்பிகள் பேசும், ஆனால் இரண்டு சுருளும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடிக்கிற வேலை நடக்காது.

மே 17
புதுக் கம்பி. முதல் ஃப்ரெட்டையும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் 0.35 மி.மீ. இடைவெளி, எனக்குப் போதும். சாடில்களும் இளகிவிட்டன. 12-ஆவது ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்தின சுரத்தையும் ஒப்பிட்டால் ஈ (E) கம்பியில் அழுத்தின சுரம் கொஞ்சம் ஏறி நின்றது, சாடிலைப் பின்னால் தள்ளினதும் சரியானது. ஜி கம்பி மட்டும் ஒன்பதாவது ஃப்ரெட்டில் உரசுகிறது, பத்தாவது தூக்கி நிற்கிறதோ என்று சந்தேகம். நாளைக்கு ஸ்கேலை வைத்துப் பார்க்கணும்.