டாரட்: இரண்டு கார்டு சேர்ந்தால் என்ன சொல்லும்?

குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டில் 78 கார்டு. தனித்தனியே அவற்றின் பொருளை மனதில் ஏற்றுவது பொறுமை இருந்தால் முடிகிற வேலைதான். சிக்கல் அதற்குப் பிறகு. வரிசையையும் கணக்கில் எடுத்தால் இரண்டு கார்டுக்கு 78 × 77 = 6,006 ஜோடி. மூன்று கார்டு என்றால் நாலரை லட்சத்தைத் தாண்டிவிடும். இன்னதும் இன்னதும் சேர்ந்தால் இன்ன பலன் என்று பட்டியல் போட்டுப் படிப்பது வீண் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பள்ளியில் படித்த புணர்ச்சி விதிதான் இங்கே கைகொடுக்கிறது. இரண்டு சொல் சேரும்போது சில சமயம் எதுவும் மாறாது. மற்ற நேரங்களில் ஓர் எழுத்து தோன்றும், திரியும் அல்லது கெடும் (மறைந்துபோகும்). கார்டுகளும் அப்படியே சேர்கின்றன.

1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெயிட் சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்வோம். ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் மைனர் கார்டுகளிலும், அதாவது வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டக்கிள்ஸ் (காசு) என்ற நான்கு சூட்களில் (இனங்களில்) வரும் 56 கார்டுகளிலும், ஆட்களையும் காட்சிகளையும் வரைந்திருப்பதால், சேர்க்கை பழக அதுவே வசதி. அதில் எய்ட் ஆஃப் பென்டக்கிள்ஸ்: ஓர் இளைஞன் பெஞ்சில் உட்கார்ந்து காசுகளைச் செதுக்குகிறான். உழைப்பு, பயிற்சி. பக்கத்தில் த்ரீ ஆஃப் பென்டக்கிள்ஸ் வந்தால், அங்கேயும் ஒரு சிற்பி தேவாலயத்தில் வேலையில்தான் இருக்கிறான். பொருள் மாறவில்லை, அழுத்தம் கூடுகிறது. சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ் வந்தால், தராசைப் பிடித்தபடி காசு கொடுக்கும் வணிகன். இப்போது இரண்டிலும் தனியாக இல்லாத ஒன்று தோன்றுகிறது: கூலி. உழைப்புக்குத் தக்க ஊதியம் கிடைக்கிறதா என்ற கேள்வி. டெவில் (சாத்தான்) வந்தால் அதே உழைப்பு திரிந்து, கழுத்துச் சங்கிலியாகிறது. வேலையை விட முடியாத நிலை. ஃபோர் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தால், கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருக்கும் வீரனின் உருவம். இங்கே உழைப்பு கெடுகிறது. உளியைக் கீழே வைத்து ஓய்வெடு என்பதே வாசிப்பு.

நல்ல கார்டு, கெட்ட கார்டு என்று பிரித்து, இரண்டும் சேர்ந்தால் சுமார் பலன் என்று சராசரி போடுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்கிற பிழை. மேலே சொன்ன நான்கில் எதுவும் சராசரி இல்லை.

பழகும் முறை எளிது. தினம் இரண்டு கார்டு எடுத்து, ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் ஒரு வினை இருக்க வேண்டும், ‘மற்றும்’ இருக்கக் கூடாது. ‘மற்றும்’ வந்தால் இரண்டு பலனை ஒட்டவைத்திருக்கிறீர்கள், சேர்க்கவில்லை. பிறகு கார்டுகளை இடம் மாற்றி இன்னொரு வாக்கியம். த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸுக்கு (மூன்று வாள் பாய்ந்த இதயம்) அடுத்து டூ ஆஃப் கப்ஸ் (கோப்பை ஏந்தி எதிரெதிரே நிற்கும் இருவர்): காயம்பட்ட மனதை நோக்கி ஒரு கை நீள்கிறது. மாற்றி வைத்தால்: கோத்த கையே குத்துகிறது. இரண்டு வாக்கியமும் ஒன்றுபோல வந்தால் வரிசையை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. தலைகீழ் கார்டுகளை இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, முகம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நைட் ஆஃப் கப்ஸ் வலப்பக்கம் பார்த்துப் போகிறான், நைட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் இடப்பக்கம் பாய்கிறான். கப்ஸ் இடமும் ஸ்வார்ட்ஸ் வலமும் விழுந்தால் நேருக்கு நேர் சந்திப்பு. இடம் மாறி விழுந்தால் ஆளுக்கொரு திசையில் முதுகு காட்டிப் போகிறார்கள். காதல் கேள்வியில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

அடுத்தது, சூட்களுக்கு இடையிலான மூலக உறவு. இது கோல்டன் டான் என்ற பிரிட்டிஷ் மறைஞான அமைப்பின் வழி. வாண்ட்ஸ் நெருப்பு, கப்ஸ் நீர், ஸ்வார்ட்ஸ் காற்று, பென்டக்கிள்ஸ் நிலம். நெருப்பும் நீரும் பகை, காற்றும் நிலமும் பகை. பகை கார்டுகள் ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்யும். ஒரே மூலகம் இரண்டு வந்தால் வலு ஏறும். மூன்று கார்டில் நடுவில் இருப்பதே மையம். இரு பக்கமும் அதைத் திருத்துகின்றன. பக்கத்துக் கார்டுகள் இரண்டும் தங்களுக்குள் பகை என்றால் நடுக்கார்டை அவற்றால் அதிகம் அசைக்க முடியாது.

எண்ணிக்கையில் அவசரம் வேண்டாம். மூன்று கார்டில் கப்ஸ் இல்லை, ஆகவே அன்பு இல்லை என்பது தவறு. மூன்று இடத்தில் நான்கு சூட் வரவே முடியாதே. பத்துக் கார்டு விரிப்பில்கூட குறிப்பிட்ட ஒரு சூட் வராமல் போக ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. எந்தச் சூட்டிலும் சேராத, டெவில் போன்ற மேஜர் அர்கானா கார்டுகள் 22 இருப்பதால் பத்துக்கு மூன்று வருவது இயல்பே. ஆறு ஏழு வந்தால்தான் நின்று பார்க்க வேண்டும்.

ஜோடி புரியவில்லை என்றதும் விளக்கத்துக்கு மூன்றாவது கார்டை இழுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டாக இருந்த உறவு அதனால் மூன்றாகிறது, குழப்பம்தான் கூடும். படங்களையே திரும்பப் பாருங்கள்: இரண்டிலும் நீர் இருக்கிறதா, வானம் எந்த நிறம், ஒருவர் கையில் உள்ளது மற்றவருக்குத் தேவைப்படுகிறதா. ஃபைவ் ஆஃப் பென்டக்கிள்ஸில் பனியில் நடப்பவர்களின் தலைக்கு மேலே ஒளி வீசும் ஜன்னல் இருக்கிறது. பக்கத்தில் ஹெர்மிட் (துறவி) விளக்கோடு நின்றால், வாக்கியம் அங்கிருந்தே தொடங்கும்.