பவானிசாகர் நீர்மட்டத்தை மேட்பிளாட்லிப்பில் வரைவது

ஈரோடு பக்கம் ஆடி பிறந்தால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அணையில எத்தனை அடி? இன்றைய அளவு செய்தித்தாளிலேயே கிடைக்கும். போன வருஷம் இதே நாளில் எவ்வளவு என்று பார்க்கத்தான் வரைபடம் வேண்டும். தினசரி அளவுகளை ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) சேர்த்து வாருங்கள். பைத்தான் நிரல்மொழியில், வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் தொகுப்பைக் கொண்டு முப்பது வரி எழுதிவிட்டால், புது அளவு சேரும்போதெல்லாம் ஒரே கட்டளையில் படம் புதிதாக வந்துவிடும்.

முதல் சிக்கல் தேதி. 05-06-2024 நமக்கு ஜூன் 5. கோப்பைப் படிக்கும் பைத்தான் தொகுப்பான பாண்டாஸுக்கு மே 6. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால், 13-ஆம் தேதியைத் தொட்டதும் பாண்டாஸ் 2-இன் ரீட்_சிஎஸ்வி கட்டளை அந்த நெடுவரிசை முழுவதையும் சத்தமில்லாமல் வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். படத்தின் அடியில் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுப்புப் பட்டையாக நின்றால் காரணம் இதுதான்.

அளவு கிடைக்காத நாளுக்கு 0 போடாதீர்கள். அணையே வற்றியதுபோல் கோடு தரைக்குப் பாயும். காலியாக விட்டால் அந்த இடத்தில் கோடு அறுந்து நிற்கும். அதுதான் நேர்மையான படம்.

105 அடியில் ஒரு கிடைக்கோடு போடுங்கள், முழு மட்டம் அது. நீர் இருப்பை (முழுக் கொள்ளளவு 32.8 டிஎம்சி) அதே படத்தில் இரண்டாம் அச்சாகத் திணிக்க வேண்டாம். மேலே போகப்போக நீர்ப்பரப்பு விரிவதால், 100 அடியில் ஓரடி இறங்குவதும் 60 அடியில் ஓரடி இறங்குவதும் ஒரே அளவு தண்ணீர் அல்ல. மேலும் கீழுமாக இரண்டு கட்டங்கள், தேதி அச்சு மட்டும் பொதுவாக இருந்தால் போதும்.

அதிகம் படுத்துவது தமிழ் எழுத்து. மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் கிடையாது. தலைப்பு முழுக்கக் கட்டங்களாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, எழுத்துருப் பட்டியலில் முதலில் வையுங்கள். நிறுவிய பிறகும் 'கிடைக்கவில்லை' என்றால், பழைய எழுத்துருப் பட்டியலைச் சேமித்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அதன் பிறகும் 'கொங்கு' என்பதில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். மேட்பிளாட்லிப்பின் 3.10 வரையிலான பதிப்புகள் குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்குகின்றன. கொம்பை முன்னால் நகர்த்தும் வேலையைச் செய்வதில்லை. எளிய வழி, எஸ்விஜி என்ற பட வடிவத்தில் சேமிப்பது. அப்போது எழுத்துகளைக் கோடுகளாக்காமல் எழுத்தாகவே வைக்கும்படி அமைப்பில் சொல்லிவிட வேண்டும். பிரவுசர் சரியாகக் காட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்ப, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து பிஎன்ஜி படமாக்கலாம்.

சேமிக்கும் கட்டளை, காட்டும் கட்டளைக்கு முன்னால் வர வேண்டும். காட்டும் சன்னலை மூடிய பிறகு சேமித்தால் வெள்ளைத்தாள்தான் கிடைக்கும்.