ஆறரை மணி

2025 ஜூன் 9, திங்கள்

குடிக்காமல் 26 நாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து 12 நாள். "என்ன சாப்பிட்டீங்க, எப்போ தூங்கினீங்க, எத்தனை மணிக்கு ஆசை வந்துச்சு, இது மூணையும் எழுதுங்க. கதை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார் அங்கிருந்த ஆலோசகர் அம்மா. கதை இல்லாமல் எனக்கு எழுத வராது.

ஆசை வந்த நேரம் மாலை 6.30. நேற்றும் 6.30. முந்தாநாளும். கடை மதியம் 12 மணிக்கே திறந்துவிடுகிறது, ஆனால் அப்போது ஒன்றும் தோன்றுவதில்லை. வயலிலிருந்து கரையேறி, கை கால் கழுவி, வண்டியைக் கிளப்புகிற நேரம்தான் உடம்புக்குள் பதிந்திருக்கிறது.

பொங்கல் முடிந்ததும் ஒருமுறை நானாகவே நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே கை நடுக்கம், இரண்டாம் ராத்திரி வலிப்பு. நெடுநாள் குடித்தவன் திடீரென்று தனியாக நிறுத்தக் கூடாதாம், உயிருக்கே ஆபத்தாம். அது அப்புறம்தான் தெரிந்தது. இந்த முறை படுக்கையில் சேர்த்து, மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள்.

நாளைக்கு நாற்றங்கால் விட வேண்டும். ஆடுதுறை 43 நெல். பன்னிரண்டு மா நிலத்துக்கும் இந்த வருஷம் குறுவைதான்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. டிவியில் பார்த்தோம். போன வருஷம் இந்த நாளில் தண்ணீர் இல்லை என்று குடித்தேன். வந்திருந்தால் வந்த சந்தோஷத்தில் குடித்திருப்பேன், அதுவும் உண்மை.

உடம்பு வலி என்று முனகினதைக் கேட்டு அம்மா தசமூலாரிஷ்டம் ஊற்றிக் கொண்டுவந்தாள். வாய்வரை போய்விட்டது. அந்த வாசனையில் ஏதோ பழகினது இருந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் அதிலேயே ஆல்கஹால் அளவு போட்டிருக்கிறது. அரிஷ்டம் எல்லாமே புளிக்க வைத்துச் செய்வதுதானே. அம்மாவுக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. "மருந்துடா அது!" என்றாள். இருமல் டானிக்கையும் இனிமேல் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

நேற்று கல்லணை திறந்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம்தான் திறக்கவில்லை.

காரணம் இன்றுதான் பிடிபட்டது. சாயங்காலம் கை சும்மா இருக்கக் கூடாது என்று டபரா டபராவாக டிகிரி காபி. கும்பகோணத்துக்காரனுக்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? நேற்று மட்டும் ஐந்து. ஆலோசகர் அம்மாவுக்குப் போன் போட்டேன். மதியம் 2 மணிக்கு மேல் காபியே வேண்டாம், தூங்கினாலும் தூங்காவிட்டாலும் விடிகாலை ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள் என்றார். குடித்த காலத்தில் அடித்துப் போட்டாற்போல் தூங்கினேனே என்று கேட்டேன். "ராத்திரி 2 மணிக்கு வேர்த்து முழிச்சதை மறந்துட்டீங்களா?" என்றார். மறக்கவில்லை.

இனி சாயங்காலத்துக்குச் சுக்குமல்லி.

ஜூன் 23, திங்கள்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் தண்ணீர், நுரையும் சருகுமாக. குடமுருட்டிக் கரையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இதை இன்று எழுதியே ஆக வேண்டும். ஒரு வாரமாக மாலை 5.30க்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் பார்க்கிறேன். கொண்டைக்கடலைச் சுண்டல், இரண்டு வாழைப்பழம், ஒரு சொம்பு மோர். ஆறரை மணி ஆசை பாதியாகக் குறைந்துவிட்டது! இத்தனை வருஷமும் பசியைத்தான் தாகம் என்று நினைத்திருக்கிறேன். மதியம் அரைகுறையாகச் சாப்பிட்டு, இருட்டும்போது வெறும் வயிற்றோடு கடைக்கு ஓடினவன் நான். மிச்சப் பாதி போகவில்லை. அது வந்து பத்து இருபது நிமிஷம் ஆட்டிவிட்டு இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன்.

ஆஸ்பத்திரியில் தினம் தயமின் ஊசி போட்டார்கள். குடி அந்தச் சத்தை உடம்பில் சேரவே விடாதாம், அது இல்லாவிட்டால் மூளை நரம்பு கெடுமாம். எதில் கிடைக்கும் என்று கேட்டேன். பயறு, வேர்க்கடலை, தீட்டாத அரிசி. சிரிப்பு வந்தது. தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு வெள்ளை அரிசி தின்கிற ஊர்.

ஜூலை 5, சனி

நடவு முடிந்தது. பயந்த நாள் இதுதான். துக்கத்துக்கு நான் பயப்படவில்லை, வேலை முடிந்த நிம்மதிக்குத்தான். நாற்றுப் பறித்த ஆட்களுக்குக் கூலியோடு 'செலவு' என்று குடிக்கக் காசு கொடுப்பது வழக்கம், கடைக்கு நானும்தான் கூடப் போவேன். இந்த முறை கூலியை மனைவி கையால் கொடுக்கச் சொல்லிவிட்டு, மதியமே எல்லோருக்கும் கறிச்சோறு போட்டோம். ஒருவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

கும்பகோணத்தில் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம். 1935இல் அமெரிக்காவில் ஒரு டாக்டரும் ஒரு பங்குத் தரகரும், இரண்டு பேரும் குடிகாரர்கள், ஆரம்பித்ததாம். பேர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. நாலைந்து கூட்டம் போயும் நான் வாயே திறக்கவில்லை. இன்று திறந்தேன். அரிஷ்டக் கதையைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே ஒரு பெரியவர், 11 வருஷமாகக் குடிக்காதவர், நாலு சொல் சொன்னார்: பசி, கோபம், தனிமை, அலுப்பு. ஆசை வந்தால் இதில் எது என்று முதலில் பார்க்கணுமாம். "பசின்னா சோத்தைத் தின்னு, அலுப்புன்னா படு தம்பி. கோபம்னா எனக்குப் போன் போடு, என்னைத் திட்டு" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவேரி கரை தொட்டு ஓடுகிறது. படித்துறையில் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. சாப்பிட எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர்சாதம். வெயில் தாழ்ந்ததும் மனைவியின் தம்பி வந்தான், கையில் பை, பைக்குள் கிண் என்று சத்தம்.

"மாமா, நல்ல நாளும் அதுவுமா ஒரு கட்டிங் மட்டும்."

மணி 6.20. நாலில் எது என்று பார்த்தேன். பசி இல்லை, கோபம் இல்லை, ஆள் கூட்டத்துக்கும் குறைவில்லை. அலுப்புக்கூட இல்லை. பெரியவர் சொல்லில் அடங்காத ஐந்தாவது ஒன்று, நல்ல நாள்.

"மாத்திரை போட்டிருக்கேன்டா. அதோட ஒரு வாய் உள்ளே போனாலும் நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்றேன். பயந்துபோய்ப் பையை வண்டியில் கொண்டுபோய் வைத்தான்.

அப்படி ஒரு மாத்திரை இருப்பது நிஜம். எனக்குக் கொடுக்கவில்லை. ஈரல் இருக்கிற இருப்புக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மனைவி கேட்டாள்: "எனக்குத் தெரியாம என்ன மாத்திரைங்க அது?"

சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், தீர்ந்துபோன சத்து மாத்திரை டப்பா ஒன்றை எடுத்துத் துடைத்து, வாசலில் நுழைகிறவர்களுக்குக் கண்ணில் படுகிற மாதிரி டிவி பக்கத்தில் வைத்தாள். தீபாவளிக்கும் அவள் தம்பி வருவான்.