ராபர்ட் ஸ்மித்: மரம் தெரிஞ்ச காண்ட்ராக்டர்

11 வருஷமா மெஷர்மெண்ட் புக்கும் டேப்புமா சைட்ல அலையறவன் நான். வேலை முடிஞ்சு பில்லுக்கு அளக்கும்போது வர்ற சண்டையைப் பாத்தவங்களுக்கு ராபர்ட் ஸ்மித்தை கண்டிப்பா பிடிக்கும்.

1722ல ஸ்காட்லாந்து டால்கீத்ல பொறந்து அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த தச்சர். அப்ப அங்க ஆர்கிடெக்ட்னு தனியா யாரையும் தேட மாட்டாங்க, பிளான் போடறது, மரம் வாங்கறது, ஆள் வெச்சு கட்டறது எல்லாம் இவரை மாதிரி தலைமை தச்சர்தான். கிரைஸ்ட் சர்ச் கோபுரம், 196 அடி, ஊர்க்காரங்க லாட்டரி நடத்தி காசு சேத்து 1754ல முடிச்சது, அதோட மர வேலை இவரோடது. அடுத்து பிரின்ஸ்டன்ல நசாவ் ஹால்ங்கற காலேஜ் கட்டடம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் வீட்டு வேலைதான். 1763ல ஆரம்பிச்சாங்க, முடியறதுக்குள்ள ஃப்ராங்க்ளின் லண்டனுக்குப் போயிட்டாரு, வீட்டம்மா டெபோராதான் கூட நின்னு பாத்துக்கிட்டாங்க. லண்டன்ல இருந்து லெட்டர் வருது, கிச்சன் முடியும்போது நான் பக்கத்துல இல்லையேன்னு. புகையும் ஆவியும் வாசனையும் வெளிய போக அவரே யோசிச்சு வெச்ச ஏற்பாடெல்லாம் அதுல இருக்கு, அது ஒரு மெஷின் மாதிரி, உனக்கு ஓட்டத் தெரியாதேன்னு மனைவிக்கு எழுதுறாரு. ஓனர் வெளிநாட்டுல இருக்க வீடு கட்டிக் குடுத்தவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

அந்த ஊர் தச்சர்களுக்கு 1724லயே ஒரு சங்கம் இருந்துச்சு, கார்பென்டர்ஸ் கம்பெனி. வேலை முடிஞ்சதும் சங்கத்து ஆளுங்களே வந்து அளந்து, ரேட் புக்கை வெச்சு இதுக்கு இவ்வளவுன்னு மதிப்பு போடுவாங்க, அந்த புக்கை வெளியாளுக்கு காட்டக்கூடாது. கட்டினவனும் ஓனரும் மல்லுக்கட்டாம, தொழில் தெரிஞ்ச மூணாவது ஆள் அளக்கறது, எவ்வளவு பெரிய நிம்மதி! சங்கத்துக்கான ஹாலுக்கு பிளான் போட்டதும் ஸ்மித்தான். 50 அடி சதுரம், நாலு மூலையிலயும் 10 அடி வெட்டிட்டா கூட்டல் குறி வடிவம், அவ்வளவுதான் பிளான். 1770ல ஆரம்பிச்ச அந்த ஹால்லதான் 1774 செப்டம்பர்ல முதல் கான்டினென்டல் காங்கிரஸ், அதாவது பிரிட்டனுக்கு எதிரா அமெரிக்க காலனிகளோட பிரதிநிதிகள் கூட்டம், கூடுச்சு.

பிரிட்டனோட சுதந்திரப் போர் வந்ததும் ஸ்மித் போனது ஃபிலடெல்ஃபியா பக்கத்துல ஓடற டெலாவேர் ஆத்துக்கு. பெரிய பெரிய மரத்தை அடுக்கி பெட்டி மாதிரி கட்டி, உள்ள கல்லைக் கொட்டி ஆத்துல முக்கிடுவாங்க, அதுல இருந்து இரும்பு மூக்கு போட்ட மரம் சாய்வா நீட்டிட்டு நிக்கும், தண்ணிக்கு அடியில, பிரிட்டிஷ் கப்பலோட அடியைக் கிழிக்கறதுக்கு. கோபுரத்துக்கு மரம் ஏத்தின அதே ஆள்தான். பக்கத்துல பில்லிங்ஸ்போர்ட்ல சிப்பாய்களுக்கு தங்கற இடம் கட்டிட்டிருந்தப்ப உடம்பு சரியில்லாம போய், 1777 பிப்ரவரில இறந்துட்டாரு. அந்த வருஷம் செப்டம்பர்ல பிரிட்டிஷ்காரங்க தரை வழியா ஃபிலடெல்ஃபியாவைப் பிடிச்சாங்க, ஆனா ஆத்துல இருந்த கோட்டைகளும் இந்த மரங்களும் நவம்பர் வரைக்கும் அவங்க சப்ளை கப்பலை ஊருக்கு விடல. அந்த மரத்துல சிலது இந்த காலத்துலயும் ஆத்துல இருந்து வெளிய வந்திருக்கு.