தம்புரா அறுபடாமல் சமையலறை வரை: வீட்டு வலையமைப்பில் இசை அனுப்பிப் பார்த்த அனுபவம்

அப்பா பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த கர்நாடக இசைக் குறுந்தகடுகள் 212 எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவற்றைக் கூடத்திலும் சமையலறையிலும் ஒரே நேரத்தில், வெளி இணையத்தை நம்பாமல் வீட்டு வைஃபை வழியாகவே ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று கடந்த நான்கு மாதங்களாக முயன்று வருகிறேன்.

முதல் மாதம் முழுவதும் தகடுகளை ஃபிளாக் கோப்புகளாக மாற்றுவதிலேயே கழிந்தது. குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் இடம் பிடிக்கும். ஃபிளாக் அதில் ஒரு துளியும் இழக்காமல் ஏறத்தாழ பாதியாகச் சுருக்கிவிடுகிறது. ஒரு மணி நேரக் கச்சேரித் தகடு ஏறத்தாழ 300 மெகாபைட்டில் அடங்கியது. இந்த அளவுத் தரவு இன்றைய வைஃபைக்கு ஒரு சுமையே அல்ல என்பதால், அனுப்பும் வேலை எளிதாக முடிந்துவிடும் என்றே எண்ணியிருந்தேன்.

வீட்டு வலையமைப்பிலுள்ள கருவிகள் பாட்டையும் படத்தையும் பகிர்ந்துகொள்ள உதவும் டிஎல்என்ஏ வசதி கூடத்து ஆம்ப்ளிஃபயரில் ஏற்கெனவே இருந்தது. எனவே ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில், பாடல் கோப்புகளை அனுப்பும் மினிடிஎல்என்ஏ மென்பொருளை நிறுவி, கைப்பேசிச் செயலியிலிருந்து பாடலைத் தேர்ந்தெடுத்தேன், உடனே ஒலித்தது. ஆனால் நான்கைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் செயலியின் பட்டியலில் ஆம்ப்ளிஃபயரே இல்லை. அதை அணைத்துப் போட்டால் வரும், பிறகு மறுபடியும் மறைந்துவிடும்.

இரண்டு நாள் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. இக்கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதற்கு 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் (ஒரே செய்தியைப் பல கருவிகளுக்குச் சேர்க்கும் முகவரி), 1900ஆம் போர்ட்டில் குரல் கொடுக்கின்றன. அந்தக் குரலைக் கேட்க விரும்புவோர் யார் யார் என்று ரூட்டர் ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் அனுப்புவதற்கு ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று பெயர். "இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்களா?" என்று இடையிடையே விசாரிக்க வலையமைப்பில் யாரேனும் இருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால், வழக்கமான கணக்கில் 260 நொடிகளில் அந்தக் குறிப்பு காலாவதியாகிவிடும். இணையச் சேவையுடன் வந்த எங்கள் ரூட்டரில் ஸ்னூப்பிங் இயங்கியது, விசாரிப்பவர்தான் இல்லை. ஸ்னூப்பிங்கை அணைத்ததும் ஆம்ப்ளிஃபயர் பட்டியலில் நிலையாக நின்றது.

அந்த மகிழ்ச்சி ஒரு மாலைப்பொழுது வரைதான் நீடித்தது. ராகம், தானம், பல்லவி அடங்கிய நேரடிக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டிருந்தேன். தகட்டில் ஆலாபனை ஒரு தடமாகவும் தானம் அடுத்த தடமாகவும் பிரிக்கப்பட்டிருந்தாலும், இரண்டுக்கும் நடுவே தம்புரா இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆலாபனை முடிந்த இடத்தில் ஒன்றரை நொடி முழு மௌனம் விழுந்தது. அதன் பிறகு தம்புரா வெட்டிக்கொண்டு மீண்டும் தொடங்கியது. "என்னப்பா, தம்புரா நடுவுல நின்னு போச்சே" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். சுருதி அறுந்த பிறகு பாட்டு எவ்வளவு துல்லியமாக ஒலித்தும் என்ன பயன் என்று எனக்கும் தோன்றியது.

ஒரு கோப்பு முடிந்த செய்தி வந்த பிறகே செயலி அடுத்த கோப்பின் முகவரியை அனுப்பியது என்பதுதான் அந்த மௌனத்துக்குக் காரணம். அடுத்த முகவரியை முன்கூட்டியே தந்துவைக்கும் கட்டளை ஒன்று, டிஎல்என்ஏவுக்கு அடிப்படையான யுபிஎன்பி தரநிலையில் உண்டு. ஆனால் அது கட்டாயமன்று, தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு அக்கட்டளை தெரியவில்லை. டிஎல்என்ஏ வழியை அன்றே கைவிட்டேன்.

அடுத்து, வீட்டிலுள்ள பிளேயர்களுக்குப் பாடல்களை அனுப்பும் லிரியன் மியூசிக் சர்வர் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஸ்லிம்பி3 என்ற வலையமைப்பு இசைக் கருவிக்காகப் பெர்ல் மொழியில் எழுதப்பட்ட சர்வர் இது. 2006இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012இல், ஸ்லிம்பி3க்குப் பின் வந்த ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளின் வரிசையையே நிறுத்தியது. சர்வரின் மூலநிரல் திறந்ததாக இருந்ததால், ஆர்வலர்கள் அதை விடாமல் பேணி, 2024இல் லிரியன் என்று பெயரும் மாற்றி, இன்றும் வளர்த்து வருகிறார்கள். கருவியின் விற்பனை நின்று இத்தனை ஆண்டுகளான பிறகும் அதற்கான மென்பொருள் மேம்பட்டுக்கொண்டே இருப்பதற்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

அதற்கான பிளேயர் நிரலாகிய ஸ்குவீஸ்லைட், வந்து சேரும் கோப்பை ஒரு பஃபரிலும் (தற்காலிகச் சேமிப்பிடம்), விரித்தெடுத்த ஒலியை இன்னொரு பஃபரிலும் வைத்துக்கொள்கிறது. இரண்டாவதில் குறுந்தகட்டுத் தரத்தில் ஏறத்தாழ பத்து நொடி ஒலி நிற்கும். ஒரு கோப்பை விரித்து முடித்ததுமே அது சர்வரிடம் தெரிவித்துவிடுகிறது, சர்வரும் அடுத்த கோப்பை அனுப்பத் தொடங்குகிறது. அப்போது நம் காதில் முந்தைய தடத்தின் கடைசிப் பத்து நொடிகள்தான் ஒலித்துக்கொண்டிருக்கும். அதே கச்சேரியை மறுபடி போட்டேன். ஆலாபனை தானத்துக்குள் போன இடம் எது என்று தெரியவே இல்லை.

கூடத்தில் சர்வராக இருக்கும் ராஸ்பெரி பையிலேயே ஸ்குவீஸ்லைட்டையும் நிறுவி, ஆம்ப்ளிஃபயருக்குப் பதிலாகப் புதிதாக வாங்கிய ஆக்டிவ் ஸ்பீக்கரை (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்தது) இணைத்தேன். சமையலறைக்கு ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூவும், டிஜிட்டல் தரவை ஒலிக்குறியாக மாற்றும் பிசிஎம்5102 சில்லு பொருத்திய ஊதா நிறச் சிறு பலகையும் வாங்கினேன். பை ஜீரோவின் 12, 35, 40ஆம் பின்களிலிருந்து மூன்று ஒயர்களும், மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் இரண்டும் சால்டர் செய்து முடித்தபோது, இசையோடு சேர்ந்து எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஓசை வந்தது. பலகையில் எஸ்சிகே என்று பொறித்த முனை எதனோடும் இணையாமல் அந்தரத்தில் நின்றதே காரணம். அது கிரவுண்டோடு இணைந்திருந்தால்தான் சில்லு தனக்கு வேண்டிய கடிகாரத் துடிப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அதற்கென்றே அம்முனைக்கு அருகில் அரிசி மணியைவிடச் சிறிய இரண்டு பட்டைகள் உள்ளன. பூதக்கண்ணாடி வைத்து அவற்றின் மேல் ஒரு துளி ஈயத்தை வைத்ததும் பொரியல் ஓசை முற்றிலும் நின்றுவிட்டது.

சமையலறைப் பிளேயரில், ஸ்குவீஸ்லைட் அடங்கிய சிறு இயங்குதளமான பைகோர்பிளேயரை நிறுவியதற்கு மின்தடையே முதற்காரணம். இது தொடங்கும்போதே முழுவதுமாக நினைவகத்தில் ஏறிவிடுவதால், பாட்டு ஓடும்போது எஸ்டி கார்டில் எதையும் எழுதுவதில்லை. சுவிட்சைச் சட்டென்று அணைத்தாலும் கார்டு கெடாது. சர்வரும் ரூட்டரும் மட்டும் இன்வெர்ட்டரில் உள்ளன. பை ஜீரோவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் 6, 11 ஆகிய சேனல்களை நிறைத்திருந்ததால் எங்களுடையதை 1இல் நிறுத்தினேன்.

என்னை அதிகம் உழைக்க வைத்தது இரு அறைகளின் ஒத்திசைவுதான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நிலைப்படியில் நின்று கேட்டால், மிருதங்கத்தின் "தா" என்ற ஒற்றை அடி "ததா" என்று இரண்டாக விழுந்தது. ஒவ்வொரு கருவியின் படிகக் கடிகாரமும் மிகச் சிறிய அளவில் வேறுபட்டு ஓடுகிறது. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே, ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்டு விலகிவிடும். இதை லிரியன் தானாகவே கவனித்துக்கொள்கிறது: பிளேயர்கள் எந்த இடத்தில் வாசித்துக்கொண்டிருக்கின்றன என்று கேட்டறிந்து, முந்தியதைச் சில மில்லிசெகண்டு நிறுத்தச் சொல்கிறது, அல்லது பிந்தியதைச் சிறிது தாண்டச் சொல்கிறது. ஆகவே எனக்குக் கேட்ட இரட்டை அடி நேரம் போகப்போக வளரவில்லை, தொடக்கத்திலிருந்தே ஒரே அளவில் நின்றது.

அதை அளக்க, நிலைப்படியில் இரு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் கைப்பேசியை வைத்து, ஒற்றை மிருதங்க அடி மட்டும் உள்ள கோப்பை ஒலிக்கச் செய்து பதிவெடுத்தேன். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து பெரிதாக்கியபோது இரண்டு முகடுகள் தனித்தனியே தெரிந்தன; நடுவில் 38 மில்லிசெகண்டு. கூடத்து ஸ்பீக்கர் தனக்குள் ஒலியைச் செம்மைப்படுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சர்வருக்கு அது தெரிய வழியில்லை. ஒலியின் வேகத்தில் கணக்கிட்டால், அந்த ஸ்பீக்கரை 13 மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். கூடத்துப் பிளேயரின் ஒத்திசைவு அமைப்பில் 38 என்று தாமதத்தைக் கொடுத்ததும், சர்வர் அதை அந்த அளவு முன்னதாகவே வாசிக்க வைத்தது.

நேற்று ஒரு மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் அளந்தேன். இடைவெளி 3 முதல் 5 மில்லிசெகண்டுக்குள் நின்றது; நிலைப்படியில் "தா" ஒற்றையாகவே கேட்டது. மாடி அறை இன்னும் பாக்கியிருக்கிறது. கான்கிரீட் கூரையைத் தாண்டி அங்கே சிக்னல் சரியாக எட்டுவதில்லை என்பதால், பழைய டிவி ஒயர் போகும் குழாயிலேயே லேன் கேபிளையும் இழுத்துவிடப் போகிறேன்.