டோல்கோ ஜெல்லி: நாலரை டிகிரி கணக்கு

டோல்கோ என்பது கிராப் ஆப்பிளில், அதாவது சின்னப் புளிப்பு ஆப்பிளில், ஒரு ரகம். மூன்றாவது தடவைதான் அதன் ஜெல்லி நினைத்தபடி வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மாணிக்கச் சிவப்பு, கரண்டியால் வெட்டினால் வெட்டு அப்படியே நிற்கிறது. முதல் தடவை பாகாக ஓடியது; இரண்டாவது ரப்பராக இறுகிவிட்டது. பழம், சர்க்கரை, பாத்திரம் எதுவும் மாறவில்லை. அடுப்பை அணைத்த நேரம்தான் மாறியது.

டோல்கோவுக்குத் தனியாகப் பெக்டின் (ஜெல்லியை இறுகவைக்கும், பழத்திலேயே இருக்கும் பொருள்) தேவையே இல்லை. கிராப் ஆப்பிள்களில் இதன் பழம் கொஞ்சம் பெரியது, நீள்வட்டம், நல்ல புளிப்பு. முழுக்கப் பழுத்தால் பெக்டின் குறையும் என்பதால் நாலில் மூன்று பங்கு பழுத்தது, ஒரு பங்கு செங்காய். தோலையும் நடுப்பகுதியையும் எடுக்கக் கூடாது, பெக்டின் அங்கேதான் அதிகம். 3 பவுண்டு பழத்துக்கு 3 கப் தண்ணீர், மெல்லிய தீயில் 20 முதல் 25 நிமிடம். துணியில் கட்டித் தொங்கவிட்டு, தானாக வடியும்வரை விட்டுவிட வேண்டும். பையைப் பிழிந்தால் அரை கப் கூடுதலாகக் கிடைக்கும், ஜெல்லி கலங்கிப்போகும். அந்த அரை கப்புக்கு ஆசைப்பட வேண்டாம். வடிந்த 4 கப் சாற்றுக்கு 4 கப் சர்க்கரை.

இனி பதம். சமையல் குறிப்புகளில் 104 அல்லது 105 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். அதை அப்படியே நம்பினால் கெட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். வெப்பமானியும் ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டும். அதனால் முதலில் அதே வெப்பமானியை வெறும் கொதிநீரில் வைத்துப் பார்க்க வேண்டும். அது காட்டும் எண்ணோடு நாலரை டிகிரி கூட்டினால் ஜெல்லிப் பதம். கொதிநீரில் 98.5 காட்டினால் 103 வந்ததும் அணைக்க வேண்டும். முனை பாத்திரத்தின் அடியைத் தொடாமல் சாற்றுக்குள் இருக்கட்டும். தொட்டால் பொய் சொல்லும்.

உறுதிப்படுத்த, குளிர்ந்த உலோகக் கரண்டியில் அள்ளிச் சாய்த்துப் பார்க்கலாம். இது கம்பிப் பதம் இல்லை. விளிம்பில் இரண்டு சொட்டுகள் ஒன்றாகக் கூடித் தகடுபோல் விழ வேண்டும். சோதிக்கும் நேரம் தீயிலிருந்து இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அதற்குள் பதம் தாண்டிவிடும். ஒரே தடவையில் இரட்டிப்பு அளவு போடவும் கூடாது: கொதித்து வற்ற நேரமாகும், அந்த நீண்ட சூட்டில் பெக்டின் உடைந்து இறுகாமலே போகும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெற்கு டகோட்டாவில் பணியாற்றிய நீல்ஸ் ஹேன்சன் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த விதையில் பிறந்து, 1917இல் வெளியான ரகம். மைனஸ் 40 டிகிரிக் குளிரையும் தாங்கும். சீக்கிரம் பூப்பதால் முன்பருவ ஆப்பிள்களுக்கு நல்ல மகரந்தத் துணை. மரம் உறங்கும் மாதங்களில் பென்சில் தடிமனுள்ள ஓராண்டுக் குச்சிகளை வெட்டி, ஈரத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, வசந்தத்தில் ஒட்டுக்கட்டத் திட்டம். அந்தப் பெட்டியில் ஆப்பிள் பழம் இருக்கக் கூடாது, பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு குச்சியின் மொட்டுகளைக் கெடுக்கும்.

பாட்டில்களில் கால் அங்குலம் இடம்விட்டு ஊற்றி மூடி, கொதிநீரில் 5 நிமிடம் (உயரமான இடங்களில் கூடுதலாக) வைத்து எடுத்தாயிற்று. உறைய வைத்த சாறு இன்னும் 2 கப் இருக்கிறது. அதில் கப்புக்கு முக்கால் கப் சர்க்கரை மட்டும் போட்டு, புளிப்பு எவ்வளவு மேலே வருகிறது என்று பார்க்க வேண்டும்.