ஏத்தத்துல ஹேண்ட்பிரேக்

தங்கச்சி மகனுக்கு சிங்கப்பூர்ல கிளாஸ் 3 டெஸ்ட், அதாவது கியர் கார் லைசென்ஸ் டெஸ்ட், நெருங்குது. நேத்து ராத்திரி போன் பண்ணினான். "மாமா, ஏத்தத்துல மட்டும் வண்டி பின்னாடி உருளுது, இல்லன்னா ஆஃப் ஆயிடுது. பேசாம 3ஏ லைசென்ஸ் எடுத்து ஆட்டோமேட்டிக் காருக்கே போயிடவா?"

வேணாம்டா. நின்னதும் ஹேண்ட்பிரேக்கை நல்லா இழு. இனி வண்டியைப் பிடிச்சிருக்கிறது அதுதான், உன் கால் இல்ல. முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சை மெதுவா விடு. ஒரு இடத்துல எஞ்சின் சத்தம் கனக்கும், பானெட் லேசா தலை தூக்கும். அங்கேயே காலை நிறுத்து. ரெண்டு நொடி போகட்டும், பின்னாடி ஹாரன் அடிச்சாலும் பரவாயில்ல. அப்புறம் பட்டனை அமுக்கி ஹேண்ட்பிரேக்கை இறக்கு. வண்டி உருளாது, முன்னாலதான் போகும்.

வீவக அடுக்குமாடி வீடுகளோட கார் பார்க் சரிவுல சிலர் ஹாஃப் கிளட்ச்லயே, அதாவது கிளட்சைப் பாதி விட்டபடியே, வண்டியைத் தாங்கிக்கிட்டு நிப்பாங்க. எனக்குப் பார்க்கவே மனசு பதறும். கிளட்ச் தட்டு உரசி உரசித் தேஞ்சு, கருகின வாடை வரும்.

நிறுத்திட்டு இறங்கும்போது ஹேண்ட்பிரேக்கோட கியரும் போட்டு வை. ஏத்தம் பார்த்து நின்னா முதல் கியர், இறக்கம்னா ரிவர்ஸ்.

சனிக்கிழமை டிரைவிங் கிளாஸ் முடிஞ்சதும் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கான். காத்துக்கிட்டு இருக்கேன்.